பழைய பல்ப் பார்த்த இரண்டு வேலைகள்

வாகனம் வைத்து வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்காக இந்த வாரம் ஒரு சின்ன விடயத்தை எழுதுகிறேன். விடயம்தான் சின்னது. அது எனக்கு வைத்த செலவு சின்னதல்ல. வேனுக்குள் எரிந்த பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போட்ட கதை அது. பல்ப் மாற்றியதால் ஒரு லோட் இறாலின் விலை போனது, ஒரு பெட்டரி போனது. அதைவிடப் பெரிதாக, பதினொரு வருடம் என்னோடு இருந்த ஒரு மனிதனின் முகத்தைப் பார்க்க முடியாத நிலையும் வந்தது. உங்களுக்கு அப்படி வரக்கூடாது என்பதற்காகவே வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எமது முந்தல் பக்கம் இறால் வியாபாரம் என்றால் அது இரவு வேலை. பகல் சூட்டில் பிடித்தால் இறால் பழுதாகிவிடும். ஆகவே நடுச்சாமத்தில் பண்ணையில் வலை இழுத்து, கழுவி, நிறுத்து, ஐஸ் போட்டு, விடிய முன் வாகனத்தில் ஏற்றிவிட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் எம்முடைய விலையைத்தான் தின்னும்.

எனது வாகனம் பழையது. நாடே "டொல்பின்" என்று கூப்பிடும் டொயோட்டா ஹையேஸ் டீசல் வேன். பின் சீட்டுகளைக் கழற்றி, பின்பக்கக் கண்ணாடிகளைத் தகரம் அடித்து மூடி, சாமான் ஏற்றும் பெட்டியாக மாற்றி வைத்திருக்கிறேன். புதிது வாங்க ஆசை இல்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் அந்தக் கதவு மறுபடி திறந்தபோது விலை எம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே எம்மில் பலர் பழைய வாகனத்தையே தட்டிக்கொட்டி ஓட்டுகிறோம். பழைய வாகனத்தில் புதுச் சாமான் பூட்டும்போது வரும் பிரச்சினைகள்தான் இந்தக் கட்டுரையின் விடயம்.

மாற்றியது எப்படி?

பின் பெட்டியின் கூரையில் 10 வோட் பழைய பல்புகள் இரண்டு இருந்தன. மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இறாலின் நிறம் தெரியாது, தராசின் இலக்கம் தெரியாது. பையன்கள் போன் வெளிச்சத்தில்தான் பெட்டி எண்ணுவார்கள். கடந்த வருடம் ஒரு கராஜில் வேறு வேலைக்குப் போனபோது அங்கிருந்த பையன், "எல்.ஈ.டி. போடுங்க ஹாஜியார், பகல் மாதிரி இருக்கும், கரண்டே எடுக்காது" என்றான். அந்தக் "கரண்டே எடுக்காது" என்ற வார்த்தை எனக்கு இனித்தது.

முன்னால் சாரதி தலைக்கு மேல் இருந்த பல்புக்குப் பதிலாக எல்.ஈ.டி. பல்ப் போட்டோம். பின்னால் இருந்த இரண்டு பழைய லைட்டையும் முழுசாகக் கழற்றி எறிந்துவிட்டு, கூரையின் நீளத்துக்கு மூன்று மீற்றர் ஸ்ட்ரிப் லைட் ஒட்டினோம். பழைய லைட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருந்தது. எரிய, அணைய, கதவோடு எரிய என்று மூன்று நிலை. லைட்டோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போனது. ஸ்ட்ரிப்பைப் பின்கதவு சுவிட்சோடு நேராக இணைக்கச் சொன்னவன் நான்தான். கதவு திறந்தால் எரியும், மூடினால் அணையும், இடையில் இன்னொரு சுவிட்ச் எதற்கு என்று கேட்டேன்.

வேலை முடிந்து பார்த்தால் உண்மையிலேயே பகல் மாதிரி இருந்தது. எல்லோருக்கும் சந்தோசம்.

சில வாரம் கழித்து சாரதித் தம்பி ஒரு நாள் சொன்னான்: "நானா, முன் லைட் கதவு பூட்டினாலும் பூனைக்கண் மாதிரி மினுங்குது. ஒருக்கா காட்டினா நல்லம்." நான் கணக்குப் புத்தகத்தில் இருந்து தலையை எடுக்காமலே, "எல்.ஈ.டி. அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பினேன். தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்வது முதலாளிமாருக்கு வரும் நோய்.

அந்த இரவு

இரண்டு மாதம் கழிந்திருக்கும். பின்னேரம் நாலரை மணிக்கு வேனைக் கழுவி நிறுத்திவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனான். இரவு ஒன்றரைக்கு வந்து சாவியைத் திருப்பினால் "டிக்" என்ற சத்தம் மட்டும். பண்ணையில் 400 கிலோ இறால் கரையில் கிடக்கிறது. அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ண இன்னொரு வாகனம் வந்து சேரும்போது மூன்றரை தாண்டிவிட்டது. போட்ட ஐஸ் தண்ணீராகி, கொள்வனவு செய்பவர் தரம் குறைத்து, விலை குறைத்துத்தான் எடுத்தார்.

1996இல் வெண்புள்ளி நோய் வந்து இந்தக் கரையோரத்துப் பண்ணைகள் காலியானதைப் பார்த்தவர்கள் நாங்கள். அது இறைவன் வைத்த சோதனை என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். இந்த நட்டத்துக்கு மட்டும் ஒரு ஆளைத் தேடினேன். முன்னால் நின்றவன் சாரதி.

"கதவைச் சரியாப் பூட்டாமல் போயிருக்கிறாய்" என்றேன்.

"இல்ல நானா, மூணு கதவையும் தள்ளிப் பாத்துட்டுத்தான் போனேன்" என்றான்.

வாடியில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அவனை ஏசினேன். பழைய பெட்டரி அதோடு சரிவரவில்லை. புதிது வாங்கி, அதன் விலையை மூன்று மாதச் சம்பளத்தில் கழிப்பதாகவும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. முதல் மாதம் கழித்தேன்.

அடுத்த மாதம் அவன் மகளுக்குச் சுகமில்லை என்று லீவில் போனான். அந்த வெள்ளிக்கிழமை வேனை ஓட்டியது நான். ஜும்ஆவுக்கு முன் பன்னிரண்டு மணிக்கு வீட்டு முற்றத்தில் நிறுத்தி, நானே என் கையால் கதவுகளைப் பூட்டினேன். சனி காலை எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். அதே "டிக்". பெட்டரி புதிது. சாரதி ஊரிலேயே இல்லை. இனி யாரை ஏசுவது?

போன் வைத்துப் பார்த்த சோதனை

புத்தளத்தில் வாகன வயரிங் வேலை பார்க்கும் ஒரு வயதான பாஸிடம் கொண்டுபோனேன். அவர் எந்தச் சாமானையும் கழற்றவில்லை. என்னுடைய போனை வாங்கி, வீடியோ ஓடவிட்டு, பின் பெட்டிக்குள் வைத்துக் கதவைப் பூட்டினார். ஒரு நிமிடம் கழித்துத் திறந்து, "பாருங்க ஹாஜியார்" என்று நீட்டினார். பூட்டிய கதவுக்குள் ஸ்ட்ரிப் லைட் பகல் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி எல்லாம் தகரத்தால் மூடியிருப்பதால் வெளியில் நிற்கும் எவருக்கும் அது தெரியாது. சாரதிக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரியவில்லை.

பின்கதவு நிலையில் விரல் நுனி அளவில் ஒரு ஊசி சுவிட்ச் இருக்கும். கதவு மூடும்போது அந்த ஊசி உள்ளே அமுங்கி ஏர்த்தைத் துண்டிக்கும். எமது சுவிட்சில் ரப்பர் மூடி கிழிந்து, இறால் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பல மாதமாக உள்ளே போயிருக்கிறது. உள்ளே பச்சைக் களிம்பும் கறலும். ஊசி அமுங்கினாலும் ஏர்த் விடுபடவில்லை. ஒரு நாள் விடும், ஒரு நாள் விடாது. முன்கதவு சுவிட்சிலும் அதே நோய்தான், ஆனால் ஆரம்ப நிலையில். ஈர உப்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. தம்பி சொன்ன பூனைக்கண் வெளிச்சம் அதுதான். பின்கதவில் நடக்கப்போவதை முன் லைட் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. கேட்க எனக்குத்தான் நேரம் இருக்கவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். வியாபாரிகள் அல்லவா, கணக்கில் சொன்னால் புரியும். பல்பின் வோட்டை பெட்டரியின் வோல்ட்டால் வகுத்தால் எத்தனை அம்பியர் எடுக்கிறது என்று வரும். பழைய 10 வோட் பல்ப் இரண்டும் சேர்ந்து 20 வோட், அதாவது சுமார் 1.7 அம்பியர். நாங்கள் ஒட்டிய ஸ்ட்ரிப் ஒரு மீற்றருக்கு 60 லைட் உள்ள பெரிய வகை. அது மீற்றருக்கு 14.4 வோட் எடுக்கும். மூன்று மீற்றருக்கு 43 வோட், சுமார் 3.6 அம்பியர். "கரண்டே எடுக்காது" என்ற சாமான் பழையதைவிட இரண்டு மடங்கு எடுத்திருக்கிறது. ஒரே அளவு வெளிச்சத்துக்கு எல்.ஈ.டி. குறைவாக எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் அதே அளவோடு நிற்கவில்லை.

பெட்டரி 70 அம்பியர் மணி. முதல் தடவை ஒன்பது மணித்தியாலம் எரிந்திருக்கிறது. ஒன்பதை 3.6ஆல் பெருக்கினால் 32. ஏறக்குறைய பாதி பெட்டரி. பழைய பெட்டரியில் பாதி போனால் டீசல் இஞ்சினைச் சுற்றும் பலம் இருக்காது. இரண்டாம் தடவை இருபது மணித்தியாலம். 72 வருகிறது. புதுப் பெட்டரியே அடியோடு காலி. காரீய பெட்டரியை இப்படி அடிவரை இறக்கினால் அதன் ஆயுளும் குறையும்.

எல்.ஈ.டி. ஏன் வேறு மாதிரி நடக்கிறது?

பழைய பல்புக்குள் இருப்பது ஒரு மெல்லிய கம்பி. கரண்ட் எந்தப் பக்கத்தால் வந்தாலும் அது சூடேறி எரியும். நன்றாகச் சூடேறும் அளவுக்குக் கரண்ட் வராவிட்டால் எரியாது. ஆகவே சின்னச் சின்னக் கசிவெல்லாம் அதற்குள்ளால் சத்தமில்லாமல் போய்விடும். எமக்குத் தெரியாது.

எல்.ஈ.டி. என்பது கம்பி அல்ல, ரேடியோவுக்குள் இருப்பது போன்ற ஒரு மின்னணுச் சாமான். 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலோனியக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யைச் செய்தார். வெள்ளை வெளிச்சத்துக்கு நீலம் தேவைப்பட்டது. பிரகாசமான நீல எல்.ஈ.டி. 1990களில்தான் ஜப்பானில் கைகூடியது. அதற்காக அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் பூட்டும் வெள்ளை பல்புகளில் பெரும்பாலானவை நீல எல்.ஈ.டி.யின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசியவையே. இதில் கரண்ட் ஒரு பக்கமாக மட்டுமே போகும். ஒரு சில மில்லி அம்பியர் வந்தாலே மினுங்கும். இந்த இரண்டு குணத்தையும் மனதில் வைத்தால் கீழே சொல்லும் பிழைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

வரும் பிழைகளும் பரிகாரமும்

ஒன்று, பூட்டியதும் எரியவே இல்லை. உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கழற்றித் திருப்பிப் போடுங்கள். அடி தட்டையான ஆப்பு பல்பாக இருந்தாலும், இரண்டு முனையிலும் தொப்பி உள்ள குழாய் பல்பாக இருந்தாலும் பக்கம் மாற்றிப் போடலாம். மேல் மூடியைப் பூட்ட முன் எரியவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கதவு பூட்டிய பிறகும் மங்கலாக மினுங்குகிறது. பழைய வாகனமென்றால் முதல் சந்தேகம் கதவு சுவிட்ச். எமது முந்தல் களப்பை ஒட்டிய ஊர். பாலாவிப் பக்கம் உப்பளம். இந்தக் காற்றில் கூரைத் தகரமே நிற்காது, சுவிட்ச் எப்படி நிற்கும்? ஒவ்வொரு கதவு சுவிட்சின் வயரையும் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது மினுங்கல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. சுத்தம் செய்து போடலாம், புதிதே போடுவது நல்லது. பஞ்சிகாவத்தை வரை போக வேண்டியதில்லை, எமது பக்கத்து உதிரிப்பாகக் கடைகளிலேயே கிடைக்கும்.

கதவு மூடிய பின் மெதுமெதுவாக அணையும் லைட் உள்ள புதிய வாகனங்களில் கதை வேறு. அங்கே உள்ளே இருக்கும் கொன்ட்ரோல் பெட்டியே கொஞ்சம் கரண்ட் விடலாம். அது பழுதல்ல. பல்புக்குக் குறுக்கே 1000 ஓம் அரை வோட் ரெசிஸ்டர் ஒன்றைப் பக்கமாக இணைத்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய்விடும். அது எரியும்போது எடுப்பது 12 மில்லி அம்பியர்தான், சூடும் வராது. சிலர் சிக்னல் லைட்டுக்குப் போடும் 6 ஓம் 50 வோட் பெரிய ரெசிஸ்டரைக் கூரைக்குள் வைத்துவிடுகிறார்கள். அது எரியும்போது 24 வோட்டுக்கு மேல் சூடாக வெளியே தள்ளும். பிளாஸ்டிக் உருகும், கூரைத் துணி கருகும். வேண்டாம்.

மூன்று, குழியில் விழும்போது விட்டு விட்டு எரிகிறது. குழாய் பல்புகள் 28, 31, 36, 41 மில்லிமீற்றர் என்று பல நீளத்தில் வருகின்றன. பழையதை அளக்காமல் வாங்கினால் கட்டையானது தொளதொளக்கும். அளந்து வாங்குங்கள். பெட்டரி ஏர்த்தைக் கழற்றிவிட்டு, பிடிக்கும் தகட்டைக் கொஞ்சம் உள்ளே வளைத்து, நுனியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

நான்கு, ஒரு மாதத்திலேயே எரிந்துபோகிறது. 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் வரும். மலிந்த பல்புகளுக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டரைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. கரண்டைக் கட்டுப்படுத்தும் சாமான் உள்ளே இருக்கும் பல்ப் விலை கூட, ஆனால் நின்று எரியும். லொறி, பஸ் வைத்திருப்பவர்கள் கவனம்: அவற்றில் அநேகமானவை 24 வோல்ட். 12 வோல்ட் பல்ப் போட்டால் அந்த நிமிடமே முடிந்துவிடும்.

ஐந்து, பியூஸ் போகிறது. பல்ப் மாற்றும்போது லைட் சுவிட்சை அணைக்காமல் குறட்டை உள்ளே விட்டால் தகடுகள் தொட்டு பியூஸ் போகும். பல வாகனங்களில் ரேடியோவின் நினைவும் மணிக்கூடும் அதே பியூஸில் இருப்பதால் அவையும் செத்துவிடும். அதே அம்பியரில் புது பியூஸ் போட்டால் சரி. சிகரெட் தாள் சுற்றுவது, செப்புக் கம்பி போடுவது, பெரிய பியூஸ் போடுவது மூன்றும் வாகனத்துக்கு நெருப்பு வைக்கிற வேலை. பியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும்.

ஆறு, லைட் எரியும்போது ரேடியோ இரைகிறது, ரிமோட் சாவி கிட்டே போனால்தான் வேலை செய்கிறது. சில மலிந்த எல்.ஈ.டி.க்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சாமான் இந்த இரைச்சலைக் கிளப்பும். லைட்டை அணைத்தால் இரைச்சல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பல்பை மாற்றுவதே பரிகாரம்.

ஏழு, கண் கூசுகிறது. 6000 கெல்வின் என்று எழுதியிருக்கும் நீலம் கலந்த வெள்ளை சாமான் பெட்டிக்கு நல்லது. சாரதி தலைக்கு மேல் அது வேண்டாம். முன் கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டை மறைக்கும். அணைத்த பின்னும் இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடம் எடுக்கும். முன்னுக்கு 3000 அல்லது 4000 கெல்வின் போதும்.

எட்டு, இதுதான் முக்கியம். டேஷ்போட்டில் சிவப்பாக எரியும் பெட்டரி அடையாளத்தின் பல்பை எல்.ஈ.டி.யாக மாற்றாதீர்கள். பல பழைய வாகனங்களில் அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் கரண்ட்தான் ஓல்டனேட்டரை முதலில் எழுப்பிவிடும். எல்.ஈ.டி. போட்டால் அந்தளவு கரண்ட் போகாது. ஓல்டனேட்டர் சுற்றும், ஆனால் சார்ஜ் ஏறாமல் போகலாம். கொழும்புக்குப் போகும் வழியில் பெட்டரி இறங்கிய பிறகுதான் தெரியவரும்.

இவை எதுவும் இல்லாமல் பெட்டரி மட்டும் இறங்குகிறதென்றால் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சாவியை எடுத்து, கதவெல்லாம் மூடி, பெட்டரியின் ஏர்த் வயரைக் கழற்றி, அதற்கு நடுவில் மீட்டரை அம்பியர் நிலையில் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுங்கள். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. கூடினால் பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதில் இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான். மீட்டர் இணைந்திருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டாம், மீட்டர் போய்விடும்.

எங்கள் வேனில் பாஸ் செய்தது இவ்வளவுதான். கதவு சுவிட்சுகள் புதிது, அவற்றுக்கு ரப்பர் மூடி, உள்ளே கொஞ்சம் கிரீஸ். ஸ்ட்ரிப் வயரில் 5 அம்பியர் பியூஸ் ஒன்று. சாரதிக்குக் கிட்டே தனியாக ஒரு சுவிட்ச், பின் லைட் எரிந்தால் காட்ட அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. சாமான் செலவு இரண்டு கிலோ இறாலின் விலைகூட வரவில்லை.

இரண்டாவது வேலை

வேலை முடியும்வரை பாஸுக்குப் பக்கத்தில் இருந்து யோசித்தேன். பழைய பல்பை நான் வெளிச்சம் தரும் ஒன்றாக மட்டுமே பார்த்திருக்கிறேன். அது இன்னும் வேலைகள் பார்த்திருக்கிறது. கசிவை வெளியே காட்டாமல் விழுங்கியிருக்கிறது. டேஷ்போட்டில் ஓல்டனேட்டரை எழுப்பிவிட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் இருந்த தள்ளு சுவிட்ச், வேலை முடிந்தால் ஒரு மனிதன் கையால் அணைத்துவிட்டுப் போக வழி வைத்திருக்கிறது. பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது, சாரதித் தம்பி ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போக முன் அந்த சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவானாம். அப்படிச் செய்யும்படி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த சுவிட்சைத்தான் நான் குப்பையில் போட்டேன்.

எமது கடைகளிலும் இதுதான் நடக்கிறது. பழைய கணக்கப்பிள்ளையை நிறுத்திவிட்டுக் கம்பியூட்டர் வைக்கிறோம். கணக்கைக் கம்பியூட்டர் பார்க்கும். எந்த வாடிக்கையாளர் கடனை இழுப்பவர், எந்தச் சாமானுக்கு அடுத்த மாதம் தட்டுப்பாடு வரும் என்று அவர் வாயால் சொன்னது எங்கும் எழுதப்படவில்லை. அது அவரோடு போய்விடும். மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் எல்.ஈ.டி.யைக் கழற்றவில்லை, இன்றும் அதுதான் எரிகிறது. மாற்ற முன், பழையது என்னென்ன வேலை பார்க்கிறது என்று அதோடு தினமும் புழங்கும் ஆளிடம் ஒரு தடவை கேளுங்கள் என்கிறேன். பிழை வந்தாலும் ஆளைப் பிடிக்க முன் வயரைப் பிடியுங்கள்.

தம்பி லீவு முடிந்து வந்த அன்று, ஏசிய அதே வாடியில், அதே ஆட்கள் நிற்கும்போதே கூப்பிட்டேன். கழித்த பணத்தைக் கையில் கொடுத்து, பிழை என்னுடையது, மாப்புச் செய் என்றேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஆனால் ஏசியது எல்லோருக்கும் முன்னால் அல்லவா? பணத்தை வாங்கி எண்ணாமலே பொக்கெட்டில் வைத்தான். பிறகு கேட்டான்:

"நானா, இனி லைட் ஏதும் மினுங்கினா சொல்லவா, வேணாமா?"

"சொல்லு தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல?

சகோதரர்களே, இன்று இரவு கடை பூட்டியதும் ஒரு வேலை செய்யுங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு, உங்கள் வாகனத்தின் சாமான் பெட்டிக்குள் வைத்துக் கதவைப் பூட்டுங்கள். லைட் உள்ளவர்கள் கையுறைப் பெட்டிக்கும் அப்படியே செய்து பாருங்கள். செலவு ஒரு சதமும் இல்லை. திறந்து பார்க்கும்போது வீடியோ இருட்டாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வெளிச்சமாக இருந்தால், காலையில் சாரதியைக் கூப்பிட முன் வயரிங் பாஸைக் கூப்பிடுங்கள்.